ரத்தத்தில் பொட்டாசு

உலகத்தில் நோயாளிகள் கொஞ்சம் பேர்தான். நோயாளியை விசாரிக்க வருகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. நோயாளியைக் கேலி பேசுவது பாவம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். ஆனால் விசாரிக்க வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம், மதுரை மீனாட்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டாள். தன் சன்னதிக்கு வந்து, அவளையே நிற்க வைத்து அவளுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்!

இந்த விசாரிப்புக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருமுனை வரைக்கும் அவர் முகம் அவருடைய சொந்த முகந்தான். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எதிரே வருகிறவனிடம் மழை பெய்யுமா என்று கேட்டுக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் வருவார். நோயாளி வீட்டு வாசல்படியில் கால் வைத்தாரோ இல்லையோ, அந்த முகத்தைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வேறொரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். புருவம் மேலே போகும், உதடு கீழே வரும், கழுத்து ஒரு பக்கமாகச் சாயும். முக்காலி போட்டால் உட்காரமாட்டார். கட்டிலில்தான் உட்காருவார். அதுவும் நோயாளியின் எந்தக் கால் வீங்கியிருக்கிறதோ அந்தக் கால்மேல்தான் உட்காருவார்.

"ஒண்ணும் பயப்படாதே மாப்ள. எங்க பெரிய மச்சினனுக்கும் அச்சு அசலா இதே மாதிரிதான் இருந்துச்சு."

நோயாளிக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "இப்ப எப்படி இருக்காரு?"

"அவரு போயித்தான் வருசம் ஆயிருச்சே!"

இப்படி ஆறுதல் சொல்லிவிட்டு, கையில் கொண்டு வந்ததைக் கீழே வைப்பார். வெறுங்கையோடு வந்தார் என்று அவரைப் பற்றி ஒருத்தர் சொல்லக்கூடாது. அதுதான் அவருடைய தர்மம். நோயாளிக்கு என்ன ஆகும், ஆகாது என்பது டாக்டருடைய தர்மம். இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

மதுரைச் சிம்மக்கல்லில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த வீரணன் இந்த இனத்தில் முதல் வரிசை. நல்ல மனுஷர், அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். யார் வீட்டில் யார் தும்மினாலும் அவருக்குத் தூக்கம் வராது. தும்மியவரையும் தூங்க விடமாட்டார். அவர் காலடிச் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு நடுங்கக் கற்றுக்கொண்டவள் முத்துத்தாய்.

முத்துத்தாயின் புருஷன் விருமாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். ஜோடி மாடு பூட்டிய பாரவண்டி ஒன்று வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து கடலைமூட்டை ஏற்றி வந்து சிம்மக்கல்லில் இறக்குவது அவன் தொழில். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் எறிகிறவன் ஒருநாள் செம்பைத் தூக்க முடியாமல் கீழே வைத்தான். கால் வீங்கியது, முகம் ஊதியது, நீர் பிரிவது நின்று போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த வயசான டாக்டர் முத்துத்தாயைத் தனியே கூப்பிட்டார்.

"இங்கே பாரும்மா. ஆட்டுல குண்டிக்காய்ங்கிறோமே, அது மனுஷனுக்கும் உண்டு. கழிவையெல்லாம் வடிகட்டி வெளியே தள்ளுறது அதுதான். உன் புருஷனுக்கு அது அசந்து படுத்திருக்கு. அதனாலே ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு தேங்கிப்போச்சு. இது நீ குழம்புக்குப் போடுற உப்பு இல்லே. இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டு, கீரை, ஆரஞ்சு, வெல்லம், எல்லாத்துலயும் இருக்கு. நமக்கெல்லாம் நல்லது. அவனுக்கு இப்ப விஷம். கூடிக்கிட்டே போனா நெஞ்சு சட்டுனு நின்னுபோகும். சொல்லிக்கிட்டு நிக்காது."

"காயி எதுவுமே ஆகாதா சாமி?"

"பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுக் கொடு. கொஞ்சமாக் கொடு. குண்டிக்காய் முழிச்சுக்கிட்டா எல்லாம் சரியாயிரும். அது வரைக்கும் அவன் வாய்க்கு நீதான் காவல்."

முத்துத்தாய் ஆகாத பண்டங்களின் பெயர்களை மாரியம்மன் பேரைச் சொல்வதுபோல உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வாய்க்குக் காவல் இருப்பது அவளுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. அது ஒரே ஒரு வாய்தானே? விசாரிக்க வருகிறவர்களின் வாய்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

புருஷனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தலையணையைச் சரி செய்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஒரு தோளில் இளநீர்க் குலை. மறு கையில் வாழைப்பழத் தார். இரண்டுக்கும் நடுவில் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வீரணன்.

"ஏத்தா தங்கச்சி, என்ன சொன்னான் டாக்டரு?"

"ரத்தத்துல பொட்டாசியமாம்ணே."

"என்னது?"

"பொட்டாசியம். கூடிப்போச்சாம்."

வீரணன் வாயிலிருந்த பீடியைச் சட்டென்று எடுத்து, வாசலுக்குப் போய் மண்ணில் தேய்த்து அணைத்து, அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பொட்டாசா!" என்றார், குரலை இறக்கி.

அது யுத்த காலம் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஜப்பான்காரன் எந்த நேரம் குண்டு போடுவானோ என்று மதுரைக்காரர்கள் மேலே பார்த்துக்கொண்டே நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்ட காலம். வெடி சம்பந்தப்பட்ட எதற்கும் ஊரில் தனி மரியாதை இருந்தது. தீபாவளிக்குக் கல்லில் வைத்துத் தட்டுகிற பொட்டாசுகூட, மருந்து கிடைக்காமல், கண்ணில் காணாத சரக்காகிவிட்டது. அப்பேர்ப்பட்ட பொட்டாசு ஒரு வண்டிக்காரன் ரத்தத்தில் ஓடுகிறது என்றால் சும்மாவா?

"பொட்டாசு இல்லேண்ணே, பொட்டாசியம். அது ஒரு உப்பு."

"வெடியுப்பும் உப்புதானத்தா! மாப்ள முந்தித் திருவிழாவுக்கு வாணவெடிக் கட்டு ஏத்திட்டு வந்தான்ல? மூட்டை முதுகுல ஒரசியிருக்கும். வேர்வையோட உள்ள எறங்கிருச்சு. நான் அப்பவே நெனச்சேன்."

அப்போதே நினைத்தது இந்த இனத்தின் தலையாய குணம். எது நடந்தாலும் இவர்கள் அப்போதே நினைத்திருப்பார்கள்.

வீரணன் கட்டிலில் உட்காரப் போனவர் யோசித்து, சற்றுத் தள்ளி நின்றபடியே சிந்தனை செய்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "கவலைப்படாதே தங்கச்சி. வெடியை வெடிக்காம ஆக்க என்ன செய்யணும்? நமுக்க வைக்கணும். எதை ஊத்துனா நமுக்கும்? தண்ணி. தண்ணியில உசத்தி எது? எளநி! ஆளைப் புடிச்சுக் காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு ஊத்து. பொட்டாசு சொதசொதன்னு போயிரும்."

தப்பான ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் இவ்வளவு சரியாக ஏறி, இவ்வளவு நேராகப் படுகுழிக்குப் போக முடியுமா?

"அண்ணே, எளநியே ஆகாதுன்னுட்டாருண்ணே!"

"அவரு இங்கிலீசு டாக்டருத்தா. அங்கிட்டுத் தென்னை மரம் ஏது? அவருக்கு என்ன தெரியும்?"

டாக்டர் மதுரையை ஒட்டிய பசுமலைக்காரர். இங்கிலீசு படித்துவிட்ட குற்றத்துக்காகத் தென்னை மரத்தையே பார்க்காதவர் ஆகிவிட்டார்.

அன்றைக்கு ஒருவழியாக, "வேண்டாம்னு சொன்னா உங்க மனசு கோணும், வெட்டுனது வீணாகக்கூடாது, நீங்களே குடிங்கண்ணே," என்று முத்துத்தாய் இளநீரை அவர் பக்கமே திருப்பிவிட்டாள். பண்டம் வீணாவதை வீரணனாலும் பொறுக்க முடியாது. மடக்மடக்கென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, நோயாளிக்குத் தெம்பு சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாளிலிருந்து சந்தே பொட்டாசு பேசியது. எதிர்வீட்டு இருளாயி, விருமாண்டி வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்த தன் விறகுக்கட்டை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனாள். விருமாண்டி இருமினால் தெருவில் போகிறவர்கள் குனிந்தார்கள். "அவனைக் கோவப்பட விடாதீங்க, சூடு ஏறும்," என்று ஒருவர் சொல்லி வைத்ததில், அவனிடம் பாக்கி கேட்க வந்தவன்கூட அவனைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். விருமாண்டிக்கு அது ஒன்றுதான் லாபம். மற்றபடி ஆளுக்கு ஒரு இளநீர், ஆளுக்கு ஒரு சீப்புப் பழம். நமுக்க வைக்க வேண்டுமே! வாழைத்தண்டுச் சாறு குளிர்ச்சி என்று ஒருத்தி செம்பு நிறையப் பிழிந்து வந்தாள். கீரைத் தண்ணி வந்தது. ஆரஞ்சு வந்தது. டாக்டர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன பண்டங்கள் ஒன்று விடாமல், கோயில் கட்டளைக்கு வந்து சேருவதுபோல, அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.

முத்துத்தாய் காயை அவித்துத் தண்ணீரை வடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "அடி பாவி, சத்தையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டுச் சக்கையைப் போடுறியே! புருசன் எப்படித் தேறுவான்?" அவள் திரும்பிப் பார்க்காமல் வடிப்பாள். அழுகையையும் அந்தக் காய்த் தண்ணியோடு சேர்த்துத்தான் வடித்தாள்.

வீரணன் சும்மா இருக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிற ஆண்டிச்சாமியை ஒருநாள் கையோடு கூட்டி வந்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசு என்றால் அதற்கு வைத்தியம் தெரிந்தவர் வேட்டுக்காரர்தானே? ஆண்டிச்சாமி விருமாண்டியின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். நெற்றியில் விரலைத் தேய்த்து, விரலைக் காதருகே வைத்து, நரநரக்கிறதா என்று கேட்டார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வெயில்ல போடாதீங்க," என்றார்.

"அம்புட்டுத்தானா அண்ணே?" என்றான் விருமாண்டி, படுத்தபடியே.

"அம்புட்டுத்தான். திரி இல்லாம எதுவும் வெடிக்காது, தைரியமா இரு," என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் வழியாகப் போகாமல் கொல்லை வழியாகப் போனார்.

இதெல்லாம் சிரிக்கும்படி இருந்தாலும் முத்துத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் காவல் இருக்க வேண்டிய அந்த ஒரே வாயும் இப்போது எதிர்க்கட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. தாகம் தொண்டையை அறுக்கிறது. டாக்டர் தண்ணீரையே அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தலைமாட்டில் இளநீர் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறது. எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?

"ஊரே சொல்லுது. நீ ஒருத்திதான் மாட்டேங்கிற. நான் செத்தா உனக்கு என்னடி லாபம்?"

"நீங்க சாகக்கூடாதுன்னுதான் மாட்டேங்கிறேன்."

"ஒரே ஒரு மடக்குடி!"

அவள் இளநீரையெல்லாம் அள்ளிக் கொல்லையில் சாக்கைப் போட்டு மூடினாள். அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் நெஞ்சில் காதை வைத்து, அடிக்கிறதா என்று மட்டும் அவள் அவ்வப்போது கேட்டுக்கொண்டாள். அடித்தது. மெதுவாக, யோசித்து யோசித்து அடித்தது.

அப்புறந்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வீரணன் பழனிக்குப் போய், மாப்பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு, முடி கொடுத்துவிட்டு, மழமழவென்ற தலையோடு வந்து நின்றார். கையில் இளநீர் இல்லை. பழத்தார் இல்லை. பஞ்சாமிர்தம் இருந்தது.

வாழைப்பழம், வெல்லம், பேரீச்சம்பழம். ஆகாத பண்டம் ஒவ்வொன்றும் சேர்ந்து கூட்டமாக, முருகன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! இளநீரை வேண்டாம் என்று சொல்லலாம். சாமி பிரசாதத்தை எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? சந்திலிருந்த பெண்டுகள் எல்லாம் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். விருமாண்டி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டான்.

"இதுக்குமா தடை சொல்லப் போற? முருகன்டி!" என்றான்.

"அவ எதுக்குத் தடை சொல்லப் போறா? நீ வாயைத் தெற மாப்ள," என்று வீரணன் ஒரு உருண்டையை வழித்தெடுத்தார். எடுத்தவர், வெகுதூரம் வந்த களைப்பில், இடது கையால் காதிலிருந்த பீடியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பீடியைப் பார்த்ததும் முத்துத்தாய்க்கு முருகனே வழி காட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். புத்தி என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"கொடுங்கண்ணே. தாராளமாக் கொடுங்க. ஆனா ஒரு வார்த்தை. நீங்க சொன்னதுதான் சரி. அவருக்கு ரத்தத்துல ஓடுறது பொட்டாசுதான்."

"நான்தான் அப்பவே..."

"அது மூட்டையில ஒரசி வந்தது இல்லேண்ணே. எளநியில இருக்காம். வாழப்பழத்துல இருக்காம். வெல்லத்துல இருக்காம். டாக்டரு சொன்னது அதுதான். எனக்கு அன்னைக்கு வெவரமாச் சொல்லத் தெரியலை."

வீரணன் சிரித்தார். "எளநியில பொட்டாசு இருந்தா மரமே வெடிச்சிருக்கும்லத்தா?"

"அப்ப இல்லைங்கிறீங்க?"

"இல்லவே இல்லை!"

"சரிண்ணே. அன்னைக்குக் கொண்டாந்த எளநி அம்புட்டையும் நீங்கதான் குடிச்சீங்க. மண்டியில விடியக்காலையிலேருந்து ருசி பாக்குற பழமும் வகுத்துக்குள்ளதான் இருக்கு. வர்ற வழியில பஞ்சாமிர்தமும் ரெண்டு வாய் போட்டிருப்பீங்க." அவள் அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். "அந்தப் பீடியைப் பத்த வைங்க. நீங்க பத்த வச்சதும் நானே அவருக்கு ஊட்டிவிடுறேன்."

வாசலில் நின்ற பெண்டுகள் ஓர் அடி பின்னால் போனார்கள். இருளாயி இரண்டடி போனாள்.

"பத்த வைங்கண்ணே."

"வைக்கிறேன். எனக்கென்ன?" என்றார் வீரணன். தீப்பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை எடுத்தார். அந்தக் குச்சி சரியில்லை என்று வேறு எடுத்தார். பெட்டியின் பக்கத்தில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். மொட்டைத் தலையில் முத்து முத்தாக வேர்த்தது. வயிற்றுக்குள்ளே என்னவோ கடகடவென்று உருண்டது. அது இளநீரா, பழமா, வேறு எதுவுமா என்று கேட்பதுபோல அவர் தன் வயிற்றையே குனிந்து பார்த்தார்.

"யாத்தே, உறுமுது!" என்றாள் இருளாயி.

வீரணன் உதட்டிலிருந்த பீடியை எடுத்துக் காதில் செருகினார். "விரதம்," என்றார். "முடி கொடுத்துட்டுப் புகை புடிக்கக்கூடாது."

"அது யாரு சொன்னது?" என்றான் விருமாண்டி. நீட்டிய கையை அவன் மெல்ல மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டதை முத்துத்தாய் பார்த்தாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

பிரசாதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை எறிய முடியுமா? புருஷன் கண்ணில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, அவன் பேரைச் சொல்லி முத்துத்தாயே நின்றபடி முழுக்கச் சாப்பிட்டாள். கூட்டம் கலைந்ததும் நேரே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பெண்டாட்டி வயிற்றுக்குள் போன பிரசாதம் புருஷனுக்குச் சேராது என்று சொல்கிற சாமி இல்லை முருகன். வள்ளியிடமும் தெய்வானையிடமும் பழகியவனுக்கு அது தெரியாதா?

அதோடு அந்த வீட்டுக்கு இளநீர் வருவது நின்றது. பழம் நின்றது. வந்தவர்கள் வெறுங்கையோடு வந்து, சுவரோரமாக நின்று, சீக்கிரமே போனார்கள். அவித்து வடித்த காய் என்ன கண்டதோ, பழனியாண்டவன் என்ன கண்டானோ, ஒருநாள் காலையில் விருமாண்டிக்கு நீர் தாராளமாகப் பிரிந்தது. ஊருக்கே கேட்கும்படி அவன் கொல்லையிலிருந்து கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொன்னான். முத்துத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். புருஷன் மூத்திரம் போனதற்கு ஒரு பெண் இப்படி ஆனந்தக் கண்ணீர் விட்டது அந்தச் சந்திலேயே அதுதான் முதல் தடவை. குண்டிக்காய் விழித்துக்கொண்டது, வீக்கம் வடிந்தது, ரத்தத்தை மறுபடி பார்த்த டாக்டர், இனி பயமில்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றார். விருமாண்டி இளநீரைத்தான் முதலில் கேட்டான். சந்தே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

வீரணன் திருந்தினாரா? நன்றாகக் கேட்டீர்கள்! அந்த இனத்தில் திருந்துகிற வழக்கம் இல்லை. சரக்கு மாற்றுகிற வழக்கம்தான் உண்டு. அடுத்த கோடையில் தவசி என்பவர் வயிற்றுப்போக்குக் கண்டு, உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் போய்க் கருவாடாகக் கிடந்தார். அதே டாக்டர் வந்து, இளநீர் கொடுங்கள், அதுதான் இவருக்கு மருந்து என்றார். தவசி இளநீரை வாயருகே கொண்டு போனபோது வீரணன் பாய்ந்து பிடுங்கினார்.

"எளநியா குடிக்கிற? அது அம்புட்டும் பொட்டாசுய்யா! எனக்குத் தெரியாதா? விருமாண்டியைக் காப்பாத்துனதே நான்தான்!"

தவசி பிழைத்தார், அதுவும் சாமி செயல்தான். வீரணன் போனபிறகு குடித்தார்.

இப்படியும் ஒரு மனுஷரா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, கால் வீங்கிப் படுத்திருக்கிற உங்கள் சொந்தக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தாரே. அவர் வீட்டில் நேற்றுக்கூட வாழைப்பழம் பார்த்தோமே என்று பதறினீர்களே. டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் உடனே போய் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மனசு கேட்காது என்று இப்போது எழுந்து சட்டையைத் தேடுகிறீர்களே...

உட்காருங்கள் ஐயா. அவர் பாவம், கொஞ்சம் தூங்கட்டும்.